ஒரே டிசம்பர், இரண்டு படங்கள்

பள்ளத்தாக்கிலிருந்து ஒரு குரல் – வரலாற்றுத் தொடர்

அத்தியாயம் 7

சென்ற வாரம் 1981-இல் நிறுத்தியிருந்தோம். பையன் தன் பூணூலைக் கழற்றி எறிகிறான். பெண் தன் கழுத்துச் சிலுவையை எறிகிறாள். இருவரும் சேர்ந்து நடக்கிறார்கள். ‘அலைகள் ஓய்வதில்லை’ அங்கே முடிகிறது.

அந்தக் காட்சியைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசாமல் மேலே போக முடியாது. நம் சினிமாவில் மதநல்லிணக்கம் என்றால் ஒரு வழக்கமான ஏற்பாடு உண்டு. கோயில் மணி ஒலிக்கும், பள்ளிவாசல் கோபுரம் தெரியும், தேவாலயத்தில் மெழுகுவர்த்தி எரியும், மூன்று நண்பர்கள் தோளில் கை போட்டுக்கொண்டு ஒரு பாட்டுப் பாடுவார்கள். எல்லா மதமும் நல்லதே, எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போகலாம். பாரதிராஜா அந்த ஏற்பாட்டுக்குள் போகவில்லை. பையன் மதம் மாறவில்லை, பெண்ணும் மாறவில்லை. அடுத்தவருடைய அடையாளத்தை விட்டுத்தரச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. அவரவர் தம்முடையதைத் தாமே இறக்கி வைத்தார்கள். மதச்சார்பின்மை பற்றி இந்த இயக்குநர் எந்த மேடையில் எதைப் பேசியிருந்தாலும், அவருடைய நிலைப்பாட்டை இவ்வளவு சுருக்கமாக வேறெங்கும் சொல்லவில்லை என்பது என் கணிப்பு.

படத்தைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரையும் கவனியுங்கள்: பாவலர் கிரியேஷன்ஸ். இளையராஜாவின் அண்ணன் ஆர்.டி. பாஸ்கர் தயாரிப்பாளர். மூத்த அண்ணன் பாவலர் வரதராஜன் பெயரால் அமைந்த நிறுவனம். பாவலர் யார் என்பது இத்தொடரின் வாசகர்களுக்குத் தெரியும். ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலில், தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடையே கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக அவர் பாடிய பாட்டுகளை மலையில் இன்றும் நினைவு வைத்திருக்கிறார்கள். அந்த வெற்றியில் பாவலருக்குப் பெரும் பங்கு உண்டு என்று ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் பாராட்டியதும் இந்தப் பள்ளத்தாக்கில் தலைமுறை தாண்டிச் சொல்லப்படும் செய்தி. எதிர்ப்பை மெட்டில் வைத்துச் சொன்னால் படிக்காதவர் மனத்திலும் பதியும் என்று காட்டியவர் அவர். அவர் பெயரைத் தாங்கிய நிறுவனத்தின் படத்தில் பூணூலும் சிலுவையும் ஒருசேரக் கழன்று விழுந்தது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இனி 1987-க்கு வருவோம். அதற்கு முன் ஒரு சாலையைப் பார்த்துவிட வேண்டும்.

வத்தலக்குண்டிலிருந்து தேனிக்குப் பேருந்தில் வருகிறவர்களுக்குத் தேனி மாவட்டத்துக்குள் முதலில் வரும் பேரூர் கெங்குவார்பட்டி. வலதுகைப் பக்கம் கொடைக்கானல் மலை கூடவே வரும். மழைக்காலமென்றால் தலையாறு அருவி விழுவது தூரத்தில் தெரியும், எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். காட்ரோட்டில் பிரிந்தால் கொடைக்கானல் மலைப்பாதை. திரும்பாமல் நேரே போனால் மூங்கிலணை காமாட்சியம்மன் கோயில் இருக்கும் தேவதானப்பட்டி, மாந்தோப்புகள், பெரியகுளம், பிறகு தேனி. இன்னும் தெற்கே போனால் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். தமிழ் சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் கோடம்பாக்கத்தையும் வடபழனியையும் சுற்றியே எழுதுகிறார்கள். இந்தச் சாலைக்கும் அதில் ஓர் அத்தியாயம் தர வேண்டும். பெரியகுளத்தை ஒட்டிய வடுகபட்டியில் வளர்ந்தவர் வைரமுத்து. தேனியோடு சேர்ந்த அல்லிநகரத்தில் பிறந்தவர் சின்னசாமி, அதாவது பாரதிராஜா. தேவாரம் பக்கத்துப் பண்ணைப்புரம் இளையராஜாவுடையது. கெங்குவார்பட்டியில் காலையில் பேருந்து ஏறுகிறவர் பொழுது சாய்வதற்குள் மூன்று ஊரையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

சின்னசாமி சினிமாவுக்குப் போவதற்கு முன் சுகாதாரத் துறையில் மலேரியா ஒழிப்பு வேலை பார்த்தவர். அந்த வேலையைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. மருந்தடிக்கும் ஊழியர் மேலத்தெரு, கீழத்தெரு, அக்ரகாரம், சேரி என்று எல்லா வீட்டுக்குள்ளும் போயாக வேண்டும். கொசு சாதி பார்ப்பதில்லை. அந்தக் காலத்துக் கிராமத்தில் இப்படி எல்லா வாசற்படியையும் தாண்டும் வாய்ப்பு மிகச் சிலருக்கே இருந்தது. யார் வீட்டுத் திண்ணை வரை யார் வரலாம், யாருக்கு எந்தக் குவளையில் தண்ணீர் என்பதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்த கண்கள் அவருடையவை. ‘16 வயதினிலே’ 1977-இல் வந்தபோது ‘கேமராவைக் கிராமத்துக்குக் கொண்டுபோனவர்’ என்று பாராட்டினார்கள். கிராமத்தின் அழகைக் கொண்டாடிய அளவுக்கு, அந்த ஊழியரின் கண் பார்த்த கிராமம் வெளிவரவில்லை. அது வெளிவர இன்னும் 10 ஆண்டுகள் ஆயின.

கே. கண்ணன் எழுதிய ‘ஜாதிகள் இல்லையடி பாப்பா’ என்ற மேடை நாடகம் பாரதிராஜாவின் கைக்கு வந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் ‘வேதம் புதிது’.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாலுத்தேவர் ஊர்ப் பெரியவர், நாத்திகர், சாதி இல்லை என்று பேசுகிறவர். சத்யராஜ் நடித்தார். அவர் மகனுக்கும் அக்ரகாரத்து நீலகண்ட சாஸ்திரியின் மகளுக்கும் காதல். சாஸ்திரியாக சாருஹாசன், மகளாக அமலா. காதல் துயரத்தில் முடிகிறது. காதலனும் சாஸ்திரியும் உயிரிழக்கிறார்கள். சாஸ்திரியின் சின்ன மகன் அநாதையாகத் தெருவில் நிற்கிறான். அவனுடைய சொந்த அக்ரகாரம் அவனைக் கைவிடுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த பாலுத்தேவரும் மனைவி பேச்சியும் அவனை வீட்டுக்கு அழைத்து வந்து வளர்க்கிறார்கள்.

இதுவரை இது அக்ரகாரத்தைக் குறை சொல்லும் கதை. அதோடு நின்றிருந்தால் அன்றைய தமிழ்நாட்டில் அதற்குக் கைதட்டல் நிச்சயம். பாரதிராஜா நிற்கவில்லை. சாதி பேதத்தைப் பற்றி வாய் கிழியப் பேசும் பாலுத்தேவரிடம் அந்தச் சிறுவன் ஒரு கேள்வி கேட்கிறான்: பாலு என்பது உங்கள் பெயர், பின்னால் ஒட்டியிருக்கிற தேவர் நீங்கள் படித்து வாங்கிய பட்டமா என்று. கன்னத்தில் அறை மேல் அறை விழுவதாக அந்த இடம் தொகுக்கப்பட்டிருக்கும். படத்தொகுப்பாளர் பி. மோகன்ராஜுக்குத் தேசிய விருது கிடைத்தது.

கேள்வி புதிதல்ல. 1929-இல் செங்கற்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. ஏறக்குறைய 60 ஆண்டுகள் கழித்தும் அதே கேள்வியை ஒரு குழந்தையின் வாயால் கேட்க வேண்டியிருந்தது. இயக்குநரின் துணிச்சல் எங்கே என்றால், அவர் அடி வாங்க நிறுத்திய ஆள் அவருடைய சொந்தச் சாதிக்காரர். பாரதிராஜாவின் தகப்பனார் பெயர் பெரியமாயத் தேவர். அடுத்தவர் சாதியைப் பழித்துக் கைதட்டு வாங்குவது எளிது. பிறந்த வீட்டை நோக்கி அந்தக் கேள்வியைத் திருப்புவதற்கு வேறு வகை நெஞ்சுரம் வேண்டும்.

பாட்டெழுதியவர் வடுகபட்டிக்காரர். இசை மட்டும் பண்ணைப்புரத்திலிருந்து வரவில்லை. அந்தச் சமயம் பாரதிராஜாவும் இளையராஜாவும் சேர்ந்து பணியாற்றவில்லை. தேவேந்திரன் இசையமைத்தார்.

படம் முடிந்தது. பிரச்சினை தொடங்கியது. பிராமணர்களை இழிவுபடுத்துகிறது என்று எதிர்ப்பு எழுந்தது. தணிக்கையில் சிக்கியது. எந்தப் பக்கத்திலிருந்து எந்தக் கை தடுக்கிறது என்று தெரியாத நிலையில், உடல்நலம் குன்றியிருந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். படத்தைப் போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்தார். அவர் ஆதரவாக நின்றதை பாரதிராஜா பிற்காலத்தில் நன்றியோடு சொல்லிவந்தார். வழி திறந்தது. வெளியீட்டு நாள் 27 டிசம்பர் 1987 என்றானது.

மூன்று நாள் முன்னதாக, 24 டிசம்பர் அதிகாலையில், தமிழ்நாடு எழுந்தபோது எம்.ஜி.ஆர். உயிரோடு இல்லை.

கடைகள் மூடின. பேருந்துகள் நின்றன. சென்னையில் கல்லும் தீயுமாக இருந்தது. தனக்கு வழி திறந்துவிட்டவர் மெரினாவில் அடக்கமான அந்த வாரத்திலேயே ‘வேதம் புதிது’ திரைக்கு வந்தது.

ஆனால் அந்த டிசம்பரில் தணிக்கை வாசலில் நின்ற சாதிப் படம் இது ஒன்று மட்டும் அல்ல. 7-ஆம் தேதியே இன்னொரு படம் சான்றிதழ் வாங்கியிருந்தது. அது எதிர்த்திசையிலிருந்து வந்த படம். அதன் தலையெழுத்தை எழுதப்போவது முதலமைச்சரும் இல்லை, தணிக்கைக் குழுவும் இல்லை.

(அடுத்த வாரம்: தீர்ப்பு)

அத்தியாயம் 8

அந்தப் படத்தின் பெயர் ‘ஒரே ஒரு கிராமத்திலே’. கதை கவிஞர் வாலி. இயக்கியவர் கே. ஜோதிபாண்டியன். தயாரிப்பாளர் எஸ். ரங்கராஜன். முக்கிய வேடத்தில் லட்சுமி. இசை? இளையராஜா. பள்ளத்தாக்கின் பழைய தோழர்கள் இருவரில் ஒருவர் ஒரு படத்தில், மற்றவர் இன்னொரு படத்தில் இருந்தார்கள். திட்டமிட்டு நடந்ததில்லை. வரலாறு சில சமயம் இப்படி ஆட்களை நிறுத்தி வைக்கிறது.

பிராமணக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவளாகத் தன்னைக் காட்டிக்கொண்டு கருப்பாயி என்ற பெயரில் அரசு வேலைக்கு வருகிறாள், தாசில்தார் ஆகிறாள், நல்ல அதிகாரி என்று பெயரெடுக்கிறாள், பிறகு உண்மை வெளிப்படுகிறது. இட ஒதுக்கீடு சாதியை வைத்து இருக்கக் கூடாது, வறுமையை வைத்து இருக்க வேண்டும் என்பது படம் முன்வைக்கும் வாதம்.

இந்த வாதம் 1987-இல் தமிழ்நாட்டில் எப்படி விழுந்திருக்கும் என்பதை அன்றைய சூழலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1979-இல் எம்.ஜி.ஆர். அரசே இதைச் செய்து பார்த்தது. ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் பிற்படுத்தப்பட்டோர் சலுகை கிடையாது என்று ஆணை போட்டது. 1980 நாடாளுமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. படுதோல்வி கண்டது. ஆணை திரும்பப் பெறப்பட்டது. பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 31 விழுக்காட்டிலிருந்து 50 ஆக உயர்ந்தது. அடுத்து, படம் தணிக்கைக்குப் போன அதே 1987-இல், செப்டம்பர் 17 முதல் ஒரு வாரம் வன்னியர் சங்கம் தனி ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடத்தியது. வட மாவட்டங்கள் நின்றுபோயின. 21 பேர் உயிரிழந்தார்கள். அந்த ரத்தம் காய்வதற்குள் ‘சாதி ஒதுக்கீடு தேவையா’ என்று கேட்கும் படம் வருகிறது.

தணிக்கையில் முதலில் பார்த்த குழு சான்றிதழ் மறுத்தது. மறு ஆய்வுக்குப் போய், வெட்டுகளோடு, 7 டிசம்பர் 1987 அன்று ‘யு’ சான்றிதழ் கிடைத்தது. உடனே சென்னை உயர் நீதிமன்றத்தில் எதிர்ப்பு மனுக்கள். தனி நீதிபதி மனுக்களைத் தள்ளினார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு சான்றிதழையே ரத்து செய்தது. இட ஒதுக்கீட்டைத் தவறாகச் சித்திரிக்கிறது, தமிழ்நாட்டு மக்களின் உணர்வைப் புண்படுத்தும், திரையிட்டால் கலவரம் வரும் என்பது எதிர்ப்பின் சாரம். மாநில அரசும் அதையே சொன்னது. இத்தனைக்கும் நடுவில் மத்திய அரசின் திரைப்பட விழா இயக்ககம் அந்தப் படத்துக்குத் தேசிய விருது கொடுத்திருந்தது. விருது வாங்கிய படத்தைச் சொந்த மாநிலத்தில் காட்ட முடியாது. ரங்கராஜன் டெல்லிக்குப் போனார்.

இங்கே என் நிலையைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் படத்தின் வாதத்தை நான் ஏற்கவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை வீடுகளில் முதல் பட்டதாரி, முதல் ஆசிரியர், முதல் செவிலியர் இட ஒதுக்கீட்டால் வந்தவர்கள் என்பதை இங்கே வாழ்கிறவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏழை பிராமணர் உண்டு, அவர் துயரமும் துயரம்தான். ஆனால் வறுமையோடு தீண்டாமையையும் சேர்த்துச் சுமந்தவரின் கணக்கு வேறு. கருப்பாயி என்ற பெயரை ஒரு பெண் வேலைக்காகச் சில ஆண்டுகள் போட்டுக்கொள்வதும், அந்தப் பெயரோடு சேரியில் பிறந்து பள்ளிக்கூடத்தில் ஓரமாக உட்காருவதும் ஒன்றாகிவிடாது. இதைப் படம் பார்க்கத் தவறியது. அதைச் சொல்லும் இடம் விமர்சனம், பதில் படம், பொதுக்கூட்டம். நீதிமன்றத்துக்குப் போய்ப் பெட்டியைப் பூட்டச் சொன்னது தவறான வழி.

ஏன் தவறு என்றால், பூட்டு ஒருமுறை செய்யப்பட்டால் அது எல்லாப் பெட்டிக்கும் பொருந்தும். ‘வேதம் புதிது’ ஒரு சாரார் மனத்தைப் புண்படுத்தியது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ வேறொரு சாரார் மனத்தைப் புண்படுத்தியது. முதல் படத்துக்காகக் கருத்துரிமை பேசிவிட்டு இரண்டாவது படத்துக்குத் தடை கேட்டால், நமக்கு வேண்டியது உரிமை இல்லை, நம் கட்சிக்கு மட்டும் ஒலிபெருக்கி.

சட்டத்தில் ரங்கராஜனுக்கு வழி குறுகலாகத்தான் இருந்தது. இந்தியாவில் படத்தை முன்கூட்டித் தணிக்கை செய்வது செல்லுமா என்ற கேள்வியை க்வாஜா அகமது அப்பாஸ் ஏற்கெனவே கேட்டுவிட்டார். நான்கு பெருநகரங்களைப் பற்றி அவர் எடுத்த ஆவணப்படத்துக்கு எல்லாரும் பார்க்கத்தக்க சான்றிதழ் மறுக்கப்பட்டது. 1970-இல் தலைமை நீதிபதி ஹிதயத்துல்லா அமர்வு முன்தணிக்கை செல்லும் என்று தீர்த்தது. புத்தகத்தைவிடச் சினிமா மனத்தை வேகமாகப் பிடிக்கிறது, அதனால் அதற்குத் தனி அளவுகோல் என்பது காரணம். ஆக, தணிக்கையே கூடாது என்ற கதவு அடைபட்டிருந்தது. மிச்சமிருந்தது ஒரே கேள்வி: தணிக்கை சரி என்று விட்ட படத்தை, கலவரம் வரும் என்ற பயத்தில் நிறுத்தலாமா?

30 மார்ச் 1989. நீதிபதி ஜெகந்நாத ஷெட்டி எழுதிய தீர்ப்பு வந்தது. வழக்கின் பெயர் எஸ். ரங்கராஜன் எதிர் பி. ஜெகஜீவன் ராம். உயர் நீதிமன்றத் தீர்ப்பு தள்ளப்பட்டது. சான்றிதழ் உயிர் பெற்றது.

அந்தத் தீர்ப்பின் சில இடங்களைச் சினிமா எடுக்கிறவர்களும் பார்க்கிறவர்களும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். சினிமாவின் சக்தியை நீதிமன்றம் மறுக்கவில்லை. தணிக்கை வேண்டும் என்றே சொன்னது. ஆனால் படத்தை அளக்க வேண்டியது எதற்கெடுத்தாலும் பதறுகிறவரின் கண்ணால் அல்ல, நிதானமும் பொதுப்புத்தியும் உள்ள சாதாரண மனிதரின் கண்ணால் என்றது. அரசின் ஒதுக்கீட்டுக் கொள்கையை விமர்சிப்பது குற்றமாகாது, பொது விஷயத்தில் கருத்துச் சொல்ல எல்லாருக்கும் உரிமை உண்டு என்றது. ஆபத்து வரும் என்று சொன்னால் போதாது. பேச்சுக்கும் ஆபத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டும், வெடிமருந்துக் கிடங்கில் விழும் பொறிக்கும் வெடிப்புக்கும் உள்ள நெருக்கம் வேண்டும் என்றது. கடைசியாக, அரசைப் பார்த்து: கலகம் செய்வோம் என்று மிரட்டுகிறவர்களைக் காட்டிப் படத்தை நிறுத்துவது சட்டத்தின் ஆட்சியைக் கைவிட்டு மிரட்டலுக்குப் பணிவது, பேசுகிறவரைக் காப்பதுதான் அரசின் வேலை, முடியவில்லை என்று கைவிரிக்க அதற்கு இடமில்லை.

நினைத்துப் பாருங்கள். இட ஒதுக்கீட்டைக் கேள்வி கேட்ட, நம்மில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளாத ஒரு தமிழ்ப் படம், இந்தியாவில் மாற்றுக்கருத்துக்குக் கிடைத்த பலமான கேடயங்களில் ஒன்றைத் தந்துவிட்டுப் போயிருக்கிறது. 2011-இல் பிரகாஷ் ஜாவின் ‘ஆரக்ஷண்’ படத்தை உத்தரப் பிரதேச அரசு நிறுத்தியபோது, உச்ச நீதிமன்றம் இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டித்தான் தடையை நீக்கியது.

கேடயம் தொங்கும் சுவருக்கும் தெருவுக்கும் தூரம் அதிகம் என்பதையும் பார்த்தோம். 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ சான்றிதழோடு தயாராக இருந்தது. தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியர்கள் 144 போட்டுத் திரையிடலை நிறுத்தினார்கள். சொன்ன காரணம் அதே சட்டம்-ஒழுங்கு. கடைசியில் எதிர்ப்பாளர்களோடு உட்கார்ந்து, சில இடங்களில் ஒலியை அடக்கச் சம்மதித்த பிறகே கமல்ஹாசனின் படம் பிப்ரவரி 7 அன்று இங்கே வந்தது. 1989-இல் எது கூடாது என்று நீதிமன்றம் சொன்னதோ அதுவே நடந்தது. 2021-இல் திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தையும் மத்திய அரசு கலைத்துவிட்டது. இப்போது தணிக்கையோடு முரண்படும் சின்னத் தயாரிப்பாளர் நேரே உயர் நீதிமன்றப் படியேற வேண்டும். வழக்குச் செலவும் காத்திருக்கும் நாட்களின் வட்டியும் பல படங்களை வழக்கில்லாமலே பணிய வைத்துவிடும்.

பள்ளத்தாக்குக்குத் திரும்புவோம்.

பெரிய ஊர்களில் வெளியாகும் படத்தின் பெட்டி கெங்குவார்பட்டி மாதிரி ஊர்களை எட்ட அன்று பல மாதங்கள் ஆகும். டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தவர்களுக்குப் பாலுத்தேவர் வேற்றூர் ஆள் இல்லை. தேவர், நாயக்கர், பிள்ளை, கவுண்டர், செட்டியார் என்று கல்யாணப் பத்திரிகையில் வரிசையாகப் பட்டம் அச்சாகும் ஊர்கள் இவை. சிறுவனின் கேள்வி அக்ரகாரத்தைவிட இங்கேதான் அதிகம் சுட்டிருக்க வேண்டும்.

சுட்டதா? தீர்ப்பு வந்த அதே 1989-இல், செப்டம்பரில், இதே பள்ளத்தாக்கில் போடிநாயக்கனூரில் சாதிக் கலவரம் வெடித்தது. தேவர்களுக்கும் தலித்துகளுக்கும் இடையே. உயிர்கள் போயின, குடிசைகள் எரிந்தன. எந்தப் படமும் அதற்குக் காரணமில்லை. கலவரம் வரும் என்று பயந்து பூட்டிய பெட்டிக்கும் உண்மையில் வந்த கலவரத்துக்கும் சம்பந்தமே இல்லை. இதைத்தான் தடை கேட்கிறவர்கள் பார்ப்பதில்லை. தீ நிலத்திலும் தண்ணீரிலும் கூலியிலும் பற்றியிருக்கிறது. திரையை இருட்டாக்கினால் அது அணையாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘வேதம் புதிது’ அக்ரகாரத்துக்கும் பாலுத்தேவர் வீட்டுக்கும் நடுவில் நடக்கும் வழக்கு. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ அக்ரகாரத்துக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் நடக்கும் வழக்கு. போடியில் குடிசை எரிந்தவர் இரண்டு கதையிலும் நடுவில் இல்லை. அவர் பெயரைச் சொல்லி மற்றவர்கள் வாதாடினார்கள். அவரே கேமராவுக்குப் பின்னால் வந்து நின்று தன் கதையைத் தன் கண்ணால் சொல்ல, பா. ரஞ்சித்தும் மாரி செல்வராஜும் வரும்வரை தமிழ் சினிமா கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. பாரதிராஜாவின் நெஞ்சுரத்தை மதிக்கிற நான் இந்தக் குறையையும் அவர் கணக்கில்தான் எழுதுவேன். சேரியின் வாசற்படியையும் தாண்டிய மலேரியா ஊழியர் அவர். அங்கே பார்த்ததை அவர் இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

1990-இல் அவர் அரசியல் பக்கம் திரும்பினார். ‘என் உயிர்த் தோழன்’. கட்சியே உயிர் என்று வாழும் ஒரு குடிசைப்பகுதித் தொண்டன். தேர்தல் அனுதாபத்துக்காக அவனையே பலி கொடுக்கும் தலைமை. இளையராஜா மறுபடி பாரதிராஜாவோடு வந்து சேர்ந்தார். எந்தக் கட்சியின் பெயரும் படத்தில் இல்லை, பார்த்தவர்களுக்குப் பெயர் தேவைப்படவும் இல்லை. போஸ்டர் ஒட்டியவன், கொடி கட்டியவன், தலைவருக்காகத் தீக்குளித்தவன் என்று தமிழகத் தெருக்களில் நாம் கண்ட முகங்கள்தான். படம் ஓடவில்லை. நாயகனாக நடித்த பாபு பிறகு ஒரு படப்பிடிப்பில் விபத்துக்குள்ளாகிப் பல ஆண்டுகள் படுக்கையில் கிடந்து மறைந்தார். தமிழில் வந்த அரசியல் படங்களில் தொண்டனின் பக்கம் நின்ற படம் என்று கேட்டால் இன்றும் முதலில் இதைத்தான் சொல்வேன். 1994-இல் ‘கருத்தம்மா’. உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண் சிசுக்கொலை நாடு முழுக்கப் பேசப்பட்ட காலத்தில், சொந்த மண்ணின் அவமானத்தை எடுத்து, தன் தாயின் பெயரைத் தலைப்பாக வைத்தார். தேசிய விருது வந்தது.

இத்தனை படங்களிலும் அவர் பேசியதற்கெல்லாம் ஒரு ஒழுங்கு இருந்தது. எழுதுவார், எடுப்பார், தணிக்கைக்கு அனுப்புவார், வெட்டுக்கு வாதாடுவார், சான்றிதழ் வாங்குவார். எதிர்ப்பு வந்தால் 1989 தீர்ப்பு பின்னால் நிற்கும்.

மேடையில் பேசினால்?

2018 ஜனவரி. ஒரு படத்தின் விழா மேடை. மைக் பாரதிராஜாவின் கையில். பிள்ளையார் இங்கே இறக்குமதியான கடவுள் என்ற கருத்துப்பட அவர் பேசுகிறார். ஏப்ரல் 10 அன்று காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு, சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். ஆட்டம் நடக்கக் கூடாது என்று தெருவில் இறங்குகிறார். மே மாதம், ஜனவரிப் பேச்சுக்காக வடபழனி காவல் நிலையத்தில் அவர் மேல் வழக்குப் பதிவாகிறது. பூணூலும் சிலுவையும் ஒருசேர விழுந்த படத்துக்கு 1981-இல் சான்றிதழ் கொடுத்த அதே நாட்டில், 37 ஆண்டுகள் கழித்து, சில நிமிடப் பேச்சுக்காக அந்த இயக்குநர் கைதாகலாம் என்ற நிலை. வழக்கறிஞர்கள் முன்ஜாமீன் மனுவோடு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஓடினார்கள்.

ரங்கராஜன் வழக்கின் தீர்ப்பு திரைக்குக் கேடயமானது. வெறும் மேடைப் பேச்சுக்கு அது எவ்வளவு தூரம் கை கொடுக்கும்? நீதிபதி முன்னால் மனு அழைக்கப்பட்டது.

(தொடரும்)